‘ஒரு மாதிரியா இருக்கு’: மட்டாஞ்சேரியில் விலங்கு நடத்தையும் மருத்துவமும்

கால்நடை மருத்துவத்தில் நோய்வரலாறு என்ற தலைப்பின்கீழ் எழுதப்படுவதெல்லாம், ஒரு விலங்கின் நடத்தையைப் பற்றி இன்னொருவர் தரும் சாட்சியமே. மனித நோயாளி தனக்கு எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, எதைத் தின்றால் கூடுகிறது என்று தானே சொல்லிவிடுகிறார். ஆட்டுக்கும் பூனைக்கும் அந்த வழி இல்லாததால், அவற்றின் உடலுக்குள் நடப்பது அவை நிற்கும் நிலை, படுக்கத் தேரும் இடம், தின்னும் வேகம், ஆளைக் கண்டு விலகும் விதம் ஆகியவற்றின் வழியாகவே வெளியே வருகிறது. அதை முதலில் காண்பவரும் கூடவே வாழும் மனிதர்தாம், மருத்துவர் பிறகுதான் வருகிறார். விலங்குகள் என்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன என்று ஆராயும் துறைக்கு நடத்தையியல் என்று பெயர். பாடத்திட்டங்களில் அது நெடுங்காலம் ஒரு துணைப்பாடமாகவே ஒதுங்கிக் கிடந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் பல ஆண்டுகள் பூனைக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் மருத்துவம் பார்த்த இக்கட்டுரையாளரோ, நடத்தையைப் படிப்பதே மருத்துவத்தின் முதற்படி என்றும், வெப்பமானியும் ஸ்டெதஸ்கோப்பும் அதற்குப் பின் வரவேண்டியவை என்றும், அந்த வரிசை மாறினால் கருவிகள் காட்டும் எண்களே பிழைபட்டுப்போகும் என்றும் உறுதியாக நம்புகிறார்.

இந்த நம்பிக்கை உருவாவதற்கு மட்டாஞ்சேரி ஏற்ற இடம். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்ட பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளில் எலிக்காக வளர்க்கப்படும் பூனைகள், தெருவில் தம் போக்கில் திரிந்து மாலையில் வீடு திரும்பும் ஆடுகள், சமணக் கோயில் முற்றத்தில் நண்பகல் இரைக்காகக் கூட்டமாக இறங்கும் புறாக்கள், படகுத்துறையை ஒட்டிய மீன்வாடையில் வளரும் தெருநாய்கள் என்று விலங்குகளும் மனிதர்களும் ஒரே சந்துகளைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் என்று பல மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுவதால், ஒரே நோய்க்குறி பல மொழிகளில் வந்து சேர்கிறது. ஆடு ‘தீற்ற எடுக்குன்னில்ல’ (தீனி எடுப்பதில்லை) என்பார் ஒருவர். ‘ஒரு வல்லாய்மை’ (ஏதோ சுகமில்லை) என்பார் அடுத்தவர். ஃபோர்ட் கொச்சியின் சலவைக்கூடமான தோபிகானாவை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பத்து அம்மாள் ‘காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கு, டாக்டர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். இளம் மருத்துவர்கள் இத்தகைய சொற்களைத் துல்லியமற்றவை என்று தள்ளிவிட்டு நேராக உடற்பரிசோதனைக்குப் போய்விடுவதுண்டு. ஆனால் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பவர், அந்த விலங்கின் நேற்றைய நடத்தையோடு இன்றைய நடத்தையை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டைக் கண்டுவிட்டு, அதற்குப் பெயர் கிடைக்காமல் நிற்கிறார். அந்த வேறுபாட்டைக் கேள்விகளால் வெளியே எடுப்பதுதான் மருத்துவரின் வேலை: எங்கே படுத்தது, யாரோடு படுத்தது, கூப்பிட்டால் தலையைத் திருப்பியதா காதை மட்டும் திருப்பியதா, அசை போட்டதா?

அசை போடுதல் என்ற ஒரே சொல்லில் தமிழ்நாட்டு ஆயர்களும் உழவர்களும் வைத்திருக்கும் நோயறிவு பெரிது. ஆடும் மாடும் விழுங்கிய தீனியை முதல் இரைப்பையிலிருந்து மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைப்பதற்கு நாளில் பல மணி நேரத்தைச் செலவிடுகின்றன. வலி, காய்ச்சல், அச்சம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் முதலில் நின்றுபோவது இதுதான். எனவே ‘அசை போடலை’ என்பது நோயின் பெயரைச் சொல்லாவிட்டாலும், நோய் இருக்கிறது என்பதை வெப்பமானிக்கு முன்பே சொல்லிவிடும். ஆடு இரையாகும் இனம். மந்தையில் நொண்டுவதும் முனகுவதும் வேட்டைவிலங்கின் கண்ணில் முதலில் படும் என்பதால், வலியை வெளிக்காட்டாத ஆடுகளே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவந்திருக்கின்றன. ஆகவே ஆட்டின் வலியைத் தேடுபவர் அலறலைத் தேடக்கூடாது. அது மந்தையைவிட்டு விலகிச் சுவரைப் பார்த்து நிற்பதையும், பல்லை நறநறவென்று கடிப்பதையும், வால் தொங்குவதையும், தன் விலாவைத் தானே திரும்பிப் பார்ப்பதையும் தேடவேண்டும்.

மட்டாஞ்சேரி ஆடுகளுக்கே உரிய துன்பம் ஒன்று திருமண நாள்களை அடுத்து வரும். விருந்து முடிந்து கொட்டப்படும் நெய்ச்சோறும் பிரியாணியும் தெருவில் திரியும் ஆட்டுக்கு எதிர்பாராத பெருந்தீனி. இலையையும் தழையையும் மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கும்படி அமைந்த இரைப்பையில் அவ்வளவு மாவுப்பொருள் ஒரே நேரத்தில் சேரும்போது, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை விரைந்து லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அமிலம் கூடக்கூட உடலின் நீர் இரைப்பைக்குள் இழுக்கப்பட்டு, ஆடு உள்ளே நீர் நிறைந்தும் உடல் வறண்டும் போகிறது. அப்படிப்பட்ட ஆடு மருத்துவமனைத் திண்ணையில் கொண்டுவந்து நிறுத்தப்படும்போது பார்க்கவேண்டியதைப் பார்த்தால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். கயிற்றைத் தளர்த்தியபின்னும் அது நகராது. கால்களைச் சற்று அகட்டிக் குடித்தவர் போலத் தள்ளாடும். கண் திறந்திருந்தும் எதிரே ஆட்டப்படும் பலாவிலையைத் தொடர்ந்து பார்வை போகாது. பலாவிலையைப் பார்த்தும் மூக்கை நீட்டாத ஆடு கேரளத்தில் நலமான ஆடாக இருக்க முடியாது. அதன்பிறகு இடுப்பெலும்புக்கு முன்னுள்ள இடப்பக்கக் குழியில் உள்ளங்கையை வைத்தால், நலமாக இருக்கும்போது நிமிடத்துக்கு 1 அல்லது 2 முறை எழுந்து அடங்கும் அசைவு அங்கே இராது; குலுக்கினால் நீர் தளும்பும் ஓசை மட்டும் கேட்கும். சோடா உப்புக் கரைசலைக் குழாய்வழி செலுத்துவதும் நரம்புவழி நீரேற்றுவதும் பிறகு செய்யவேண்டியவை. எதைச் செய்வது என்று தீர்மானித்தது பலாவிலைதான்.

நோயுற்ற விலங்கு ஒதுங்கிப் படுப்பதையும் தின்ன மறுப்பதையும் வெறும் பலவீனம் என்று கருதியது பழைய மருத்துவம். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் இதற்கு வேறு விளக்கம் தந்தார்: காய்ச்சலை உயர்த்தி நுண்ணுயிரை எதிர்ப்பது உடலுக்குப் பெருஞ்செலவு பிடிக்கும் செயல் என்பதால், நடமாட்டத்தையும் இரைதேடலையும் குறைத்து அந்தச் செலவுக்கு வேண்டியதை மிச்சப்படுத்தும் ஓர் ஒழுங்கான உத்தியே நோய்க்கால நடத்தை என்பது அவர் கருத்து. மட்டாஞ்சேரியில் இந்தக் கருத்துக்கு நேரடியான பயன் உண்டு. தின்னாத ஆட்டின் வாயைப் பிளந்து கஞ்சியும் எண்ணெயும் ஊற்றுவது அன்பினால் செய்யப்படும் பிழை; தலையை அண்ணாந்து பிடித்திருக்கும் நிலையில் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கி, முதல் நோய் தீர்வதற்குள் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி வந்து ஆட்டைக் கொண்டுபோய்விடுகிறது. ‘அது தின்னாமல் கிடப்பதும் மருந்துதான், தண்ணீரை மட்டும் பக்கத்தில் வையுங்கள்’ என்று சொல்லிப் புரியவைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்கள் எந்த ஊசியைவிடவும் அதிக ஆடுகளைக் காத்திருக்கின்றன என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

பூனையிடம் வரும்போது நடத்தையைப் படிப்பது இன்னும் கடினமாகிறது, ஏனெனில் பூனை வேட்டையாடுவதோடு, தன்னினும் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடியது. தனித்து வேட்டையாடும் முன்னோரிடமிருந்து வந்த அதற்கு, துன்பத்தைக் காட்டினால் உதவ ஓடிவரும் கூட்டம் ஒருபோதும் இருந்ததில்லை. வலியுள்ள பூனை கத்துவதைவிடக் கட்டிலுக்கடியில் போவதே மிகுதி. உறுமல்போன்ற மெல்லிய முரலோசையை இன்பத்தின் அடையாளமாக மட்டும் கொள்பவர்கள், பிரசவ வேதனையிலும் மரணப்படுக்கையிலும் பூனை அதே ஓசையை எழுப்புவதைக் கேட்டு ஏமாந்துபோகிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று 2019-இல் வெளியிட்ட பூனை முகவேதனை அளவுகோல் இந்த இடர்ப்பாட்டைப் பெருமளவு தீர்த்தது. காதுகளின் நிலை, கண் இடுங்குதல், மூக்கையும் வாயையும் சுற்றிய தசையின் இறுக்கம், மீசைமயிரின் போக்கு, தோளுக்கு மேலோ கீழோ தலை நிற்கும் உயரம் ஆகிய 5 கூறுகளுக்கும் தனித்தனியே 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, மொத்தம் 10-இல் 4-ஐ எட்டினால் வலிநிவாரணி தரவேண்டும் என்பது அதன் முறை. பூனையைத் தொடாமல், கூடைக்குள் இருக்கும்போதே, அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய பரிசோதனை என்பதே அதன் பெருஞ்சிறப்பு.

இக்கட்டுரையாளரின் தொடக்க ஆண்டுகளில் நேர்ந்த ஒரு மரணம் இங்கே பதிவுபெறவேண்டும். பண்டகசாலை ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்த பெரியவர், தங்கள் கடுவன் பூனைக்கு 2 நாளாக மலச்சிக்கல் என்றும், மண் கொட்டியிருக்கும் மூலைக்குப் போய்ப் போய் முக்குகிறது என்றும், ஒன்றும் வெளியேறவில்லை என்றும் சொன்னார். சொல்லப்பட்ட நடத்தை சரியானது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர்தான் தவறு. அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு, மலமிளக்கும் மருந்தொன்றைத் தொலைபேசியிலேயே சொல்லி, மறுநாள் கொண்டுவரும்படி கூறினார் இளம் மருத்துவர். மறுநாள் கொண்டுவரப்பட்ட பூனையின் அடிவயிற்றில் சிறுநீர்ப்பை சாத்துக்குடிப் பழத்தின் அளவில் கல்லாக இறுகியிருந்தது. உடல் குளிர்ந்து, இதயத்துடிப்பு தளர்ந்து, மேசையிலேயே அது இறந்தது. கடுவன் பூனையின் சிறுநீர்வழி மிகக் குறுகியது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் குருதியில் தேங்கி, 2 அல்லது 3 நாள்களில் இதயத்தை நிறுத்திவிடும். மலத்துக்கு முக்கும் பூனையும் சிறுநீருக்கு முக்கும் பூனையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் குந்துகின்றன. வேறுபாடு அந்த மண்ணில் இருக்கிறது. ‘மண்ணில் ஈரம் இருந்ததா, ஐயா?’ என்ற ஒரு கேள்வி அன்று கேட்கப்பட்டிருந்தால், குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்க ஓர் இரவு முழுவதும் நேரம் இருந்திருக்கும். அதன்பின் வந்த ஒவ்வொரு கடுவனுக்கும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

அடைப்பை நீக்கிவிட்டால் நோய் தீர்ந்ததாகவும் ஆகாது. காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி பூனைகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன், அதற்கும் அப்பூனை வாழும் சூழலின் நெருக்கடிக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். ஒளிய இடம், ஏற உயரம், பகிரத் தேவையில்லாத தண்ணீர்க் கிண்ணம், தொந்தரவில்லாத கழிப்பிடம் ஆகியவற்றை அமைத்துக் கொடுப்பதே மருந்தாகிறது என்பது அவருடைய ஆய்வுகளின் பயன். பண்டகசாலைகள் பல மூடப்பட்டு உணவகங்களாகவும் பழம்பொருள் கடைகளாகவும் மாறிவரும் மட்டாஞ்சேரியில், மூட்டைகளின் மேல் படுத்து வளர்ந்த பூனையைத் திடீரென்று 2 அறைகள் கொண்ட வீட்டுக்குள் அடைக்கும்போது அதன் சிறுநீர்ப்பை முதலில் மறுப்புத் தெரிவிப்பதை இந்த ஆய்வின் துணையின்றி விளங்கிக்கொள்ள முடியாது. அலமாரிக்கு மேல் ஒரு பழைய சாக்கை விரித்து வைக்கும்படி மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுத்தபோது வியப்போடு பார்த்தவர்கள், சில வாரங்களில் அதன் பயனைக் கண்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

இனி, தொடும் முறையைப் பற்றி. அச்சம் என்பது மனநிலை மட்டுமன்று, அது உடலின் வேதியியலையே மாற்றிவிடும். நலமான பூனையின் குருதிச் சர்க்கரை 100 மில்லிகிராமை ஒட்டி இருக்க, துணிப்பையில் திணிக்கப்பட்டு, ஆட்டோவில் குலுங்கி, நாய் குரைக்கும் அறையில் காத்திருந்து, பிடரியில் தூக்கப்பட்ட அதே பூனையின் சர்க்கரை 200-ஐயும் தாண்டிவிடக்கூடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் தொடங்கினால் இல்லாத நோய்க்கு மருத்துவம் செய்ததாகும். ஆகவேதான் ஐயத்துக்கிடமான நேரங்களில், முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமின் என்னும் சோதனையை நாடவேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தமும் உடல்வெப்பமும் மூச்சின் வேகமும் இவ்வாறே பொய் சொல்லும். பிடரியைப் பற்றித் தூக்குவது தாய்ப்பூனை குட்டியைத் தூக்குவது போன்றது என்ற பழைய நியாயம் வளர்ந்த பூனைக்குப் பொருந்தாது. பூனை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அந்தப் பிடியைக் கைவிடும்படி பரிந்துரைக்கின்றன. மட்டாஞ்சேரியில் பலரிடம் பூனைக்கூடை இருப்பதில்லை என்பதால், துணிப்பையையோ சந்தைப்பையையோ அப்படியே மேசையில் வைத்து, வாயை மட்டும் தளர்த்திவிட்டு, மேலே ஒரு துவாலையைப் போர்த்தி, வந்தவரோடு பேசிக்கொண்டே 5 நிமிடம் காத்திருப்பது வழக்கமாயிற்று. பெரும்பாலான பூனைகள் தாமாகவே தலையை நீட்டும். நீட்டாத பூனையைப் பைக்குள் வைத்தே துவாலைக்கடியில் கைவிட்டுச் சோதிக்கலாம். பிடித்து இழுப்பதற்கு அவசியமே நேர்வதில்லை.

விலங்கு கற்றுக்கொள்கிறது என்பதையும் மருத்துவர் ஒரு கணமும் மறக்கலாகாது. மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த பாவ்லோவின் நாய்களைப் போலவே, ஸ்பிரிட்டின் வாடையை ஊசியின் வலியோடு இணைத்துக்கொண்ட நாய், அடுத்தமுறை ஊசியைக் காணும் முன்பே வாடைக்கு நடுங்கும். இணைவுக் கற்றல் என்று இதனைக் கூறுவர். இதில் கவலைதரும் ஒரு பொருத்தம் இருக்கிறது. நாய்க்குட்டி மனிதரையும் புதிய இடங்களையும் அஞ்சாமல் ஏற்கக் கற்கும் பருவம், ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலின்படி, ஏறத்தாழ 3-ஆம் வாரத்தில் தொடங்கி 12-ஆம் வாரத்தில் முடிகிறது. தடுப்பூசிகளோ 6 அல்லது 8 வாரத்தில் தொடங்குகின்றன. அதாவது, உலகம் நல்லது என்று குட்டி கற்கும் அதே வாரங்களில்தான் மருத்துவர் ஊசியோடு அதன் வாழ்வில் நுழைகிறார். ஊசி போடும் நேரத்தில் நாக்கில் ஒரு துளி நெய் தடவுவதும், ஊசியே இல்லாத ஒரு நாளில் வெறுமனே வந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போகச் சொல்வதும் செலவில்லாத மருத்துவம். இவ்வாறு வளர்ந்த நாய்கள் பின்னாளில் வாய்க்கட்டு இல்லாமலே மேசையில் நிற்பதைப் பலமுறை காணமுடிந்தது.

வெடியோசை அச்சம் தனியே குறிப்பிடத்தக்கது. டிசம்பர் 31 நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி எனப்படும் கிழவன் உருவம் எரிக்கப்பட்டு வாணவேடிக்கை நடக்கும்போது, சுற்றுவட்டாரத்து நாய்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. தமிழ்நாட்டுத் தீபாவளி இரவும் இப்படித்தான். இதற்கென்று முன்பு பரவலாகத் தரப்பட்ட அசிப்ரோமசின் என்னும் மருந்து, தசையைத் தளர்த்தி நாயை அசையாமல் கிடத்துமே தவிர அதன் அச்சத்தைக் குறைப்பதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஓடவும் முடியாமல், அஞ்சியபடியே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்த நாய்களை அமைதியடைந்தனவாகக் கருதி நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்பிய ஆண்டுகளை நினைக்கும்போது மனம் வருந்துகிறது. அசையாமை அமைதியாகிவிடாது என்ற பாடத்தை இந்தத் தொழிலில் நாய்களே தந்தன. இன்று டிரசோடோன், கபாபென்டின் போன்ற மருந்துகளை ஓசை தொடங்குமுன் கொடுப்பதும், சன்னலில்லாத அறையில் மின்விசிறியை ஓடவிட்டு உரிமையாளர் கூடவே இருப்பதும் பலன் தருகின்றன.

கடிக்கும் நாயைப் பற்றி மக்கள் ‘திடீர்னு கடிச்சிருச்சு’ என்பார்கள். திடீரென்று கடிக்கும் நாய் அரிது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, ஒரு கணம் உடல் விறைத்து நிற்பது, பிறகு உறுமுவது என்று அது படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. உறுமலுக்கு அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கக் கற்கிறது. நடுவயதுக்குப் பின் குணம்மாறிக் கடிக்கத் தொடங்கும் நாயில் முதலில் தேடவேண்டியது வலியை. கொச்சியின் ஈரக்காற்றில் காதுக்குள் பூஞ்சையும் அழற்சியும் மிகச் சாதாரணம். குழந்தை அன்போடு தலையைத் தடவியபோது கடித்த பொமரேனியனின் காதுமடலைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே சீழ் கோத்திருக்கும். அந்த நாய்க்கு வேண்டியது காதுமருந்து. அதைத் தெருவில் விட்டுவரத் தீர்மானித்திருந்த குடும்பங்கள் 2 வாரத்தில் தம் முடிவை மாற்றிக்கொண்டதுண்டு.

நடத்தையைத் தவறாகப் படிப்பது மருத்துவரின் உயிருக்கே தீங்காக முடியும் நோயும் ஒன்று உண்டு. மாட்டின் தொண்டையில் மாங்கொட்டையோ பலாத்துண்டோ அடைத்துக்கொண்டது, வாயில் எச்சில் நூல்நூலாக ஒழுகுகிறது, கையைவிட்டு எடுக்கவேண்டும் என்று அழைப்பு வரும். பெரும்பாலும் வீட்டார் இருவர் மூவர் ஏற்கெனவே கைவிட்டுப் பார்த்திருப்பார்கள். அடைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். வெறிநோயும் இதே தோற்றம் காட்டும். அந்நோயில் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுகிறது. எனவே தொழுவத்தின் வாசலிலேயே நின்று சிறிது நேரம் பார்க்கவேண்டும்: குரல் கம்மி, அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற கரகரத்த கதறல் இடைவிடாமல் வருகிறதா, பின்கால்கள் தடுமாறுகின்றனவா, சாணமோ சிறுநீரோ வராமல் முக்கிக்கொண்டே இருக்கிறதா, கடந்த வாரங்களில் தெருநாய் எதுவும் தொழுவத்துக்கு வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வாய்க்குள் கை போகக்கூடாது. எச்சில் பட்டவர்கள் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லவேண்டும். மனிதரைக் கடித்த நாயை 10 நாள் கண்காணிக்கும் விதியும் நடத்தையைச் சார்ந்ததே: எச்சிலில் நோய்நுண்மம் வெளிப்படத் தொடங்கிய சில நாள்களுக்குள் நாயின் போக்கு மாறி அது இறந்துவிடும் என்பதால், 10-ஆம் நாளும் அது இயல்பாக இருந்தால் கடித்த அன்று எச்சிலில் நுண்மம் இல்லை என்று கொள்ளலாம். ஆனால் கடிபட்டவருக்கான தடுப்பூசியை இந்த 10 நாளுக்காகத் தள்ளிப்போடக்கூடாது.

யானையைப் பற்றிப் பேசாமல் கேரளத்தில் இப்பொருள் நிறைவுறாது. மதம் என்பது ஆண்யானைக்குக் குறிப்பிட்ட காலங்களில் வரும் உடல்மாற்றம். கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பி வீங்கி நீர் ஒழுகும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பழகிய பாகனின் சொல்லும் ஏறாது. இலங்கையைச் சேர்ந்த கால்நடை அறிஞர் எம். ஆர். ஜைனுதீனும் அவருடன் பணியாற்றியோரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுகள், மதக்காலத்தில் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் குருதியில் பன்மடங்கு உயர்வதைக் காட்டின. அந்த அளவீட்டுக்கு நூற்றாண்டுகள் முன்பே, கேரளத்தில் வடமொழியில் இயற்றப்பட்ட மாதங்கலீலை மதத்தின் படிநிலைகளை நடத்தையைக் கொண்டே வகுத்திருந்தது. பாகர்கள் இன்றும் அவ்வாறே படிக்கிறார்கள். காலையில் யானையின் விலாவில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பாகன், அது இரவில் படுத்துறங்கியதா என்பதை அறிந்துகொள்கிறான். மூட்டுவலியோ அச்சமோ உள்ள யானை படுக்காது, படுத்தால் எழமுடியாமற் போகும் என்று நின்றே இரவைக் கழிக்கும். பிண்டம் எனப்படும் சாணம் குறைந்து, நார்மிக்க பனம்பட்டை குடலில் இறுகிக்கொள்ளும் எரண்டக்கெட்டு என்னும் கொடிய நோயும் முதலில் பாகனின் கண்ணில்தான் படுகிறது: தின்ன எடுத்த பட்டையைத் தும்பிக்கையில் வைத்துக்கொண்டே நிற்கும், உடலை நீட்டி நெளியும், படுக்கும், உடனே எழும். திருவிழாவுக்கு முன் யானைகளைச் சோதிக்கச் சென்ற நாள்களில், நாடியைப் பார்ப்பதற்கு முன் பாகனோடு தேநீர் அருந்தியதே மிகுந்த பயனளித்த பரிசோதனையாக இருந்தது. முதுமலையிலும் ஆனைமலையிலும் தமிழ்நாட்டு வனத்துறையின் யானைகளுக்காக வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைத் தமிழ் வாசகர்கள் ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதைவழி அறிவார்கள். யானையின் நடையையும் நிற்பையும் மணிக்கணக்கில் பார்த்திருக்கும் பொறுமையும், பாகர்களின் சொல்லுக்குத் தரும் மதிப்பும் அந்தத் தலைமுறை விட்டுச்சென்ற செல்வங்கள்.

இவ்வாறு சேர்ந்தவற்றின் விளைவாக மட்டாஞ்சேரி மருத்துவமனையின் நோயாளி அட்டையில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. உடல்வெப்பம், நாடி, மூச்சு, எடை என்றிருந்த கட்டங்களுக்கு மேலே, ‘தொடுமுன் கண்டது’ என்று ஒரு வரி இடப்பட்டது. உரிமையாளர் சொன்ன சொல்லை அவர் மொழியிலேயே, மேற்கோளுக்குள், மாற்றாமல் எழுதவேண்டும் என்பதும் விதியாயிற்று. அந்த வரி நிரம்பாமல் வெப்பமானி வெளியே எடுக்கப்படுவதில்லை. மழைக்கால மாலையொன்றில் திரும்பிவந்த ஒரு கடுவன் பூனையின் அட்டையில் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: “‘இப்ப பழையபடி இருக்கு.’ பையிலிருந்து தானே இறங்கியது. காது முன்னோக்கி. முகமதிப்பு 10-இல் 1. மேசையோரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறது. மண் ஈரம்.”